முப்பத்தெட்டு மூட்டை மண்

எங்கள் குடும்பம் ஹரோவிலிருந்து ஸ்ட்ரெதமுக்கு வீடு மாறியபோது அலுமாரியை விட்டுவிட்டு மண்ணை ஏற்றிக்கொண்டு போனது. அப்போது எனக்குப் பத்து வயது. அலுமாரி நல்ல அலுமாரிதான். அதன் ஒரு கதவு மட்டும் யாரும் தொடாமலே திறந்துகொள்ளும். மண் முப்பத்தெட்டு மூட்டை கட்டப்பட்டது. வான் வண்டியில் ஏறியது முப்பத்தாறு. அந்த இரண்டு மூட்டை எங்கே போயிற்று என்பதற்கும் ஒரு கதை உண்டு, அதற்குக் காரணம் நான்தான்.

ஹரோ வீட்டுக்காரர் எங்கள் ஆட்களில் ஒருவர். நாங்கள் எண்பதுகளின் நடுவில், ஊரில் நடந்த யுத்தத்துக்குத் தப்பி வந்து இறங்கியபோது அவர் லண்டனுக்கு வந்து இருபது வருஷத்துக்கு மேலாகியிருந்தது. படிக்க வந்து, கணக்காளராகி, இரண்டு வீடு வாங்கி, ஒன்றில் தான் இருந்துகொண்டு மற்றதன் கீழ்த்தட்டை எங்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமையிலும் கழுத்துப்பட்டி கட்டுவார். அவருடைய மனைவிதான் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் எங்களுக்கு ரீச்சர். அப்பா அவரை அண்ணை என்றுதான் கூப்பிடுவார். பெற்றோல் நிலையத்து வேலையை அப்பாவுக்குப் பிடித்துக் கொடுத்ததும் அவர்தான். ஆகவே எங்கள் வீட்டில் அவர் பெயர் அடிபட்டால் குரல்கள் தாமாகத் தணியும்.

கீழ்த்தட்டோடு பின்வளவும் எங்களுக்குக் கிடைத்தது. முதல் இலையுதிர் காலத்தில் அம்மா அங்கே மண்வெட்டியைப் போட்டார். தார் ரோட்டில் போட்டதுபோல அது துள்ளித் திரும்பியது. இரண்டு நாள் மழை பெய்த பிறகு போட்டார். இந்த முறை உள்ளே போனது, ஆனால் வெளியே வர மறுத்தது. மஞ்சள் களி. அம்மா அதில் ஒரு பிடி எடுத்து உருட்டிக் குசினி யன்னலில் வைத்தார். ஒரு கிழமையில் அது கல்லாகிவிட்டது.

“இதிலை சட்டி வனையலாம். கத்தரிக்காய் வைக்க ஏலாது” என்றார் அப்பா, யன்னலைப் பார்த்து.

அப்பா சொன்னதாலோ என்னவோ, அம்மா அன்றைக்கே என்னை நூலகத்துக்கு அனுப்பினார். நான் வீட்டுத் தோட்டம் பற்றிய ஒரு பெரிய புத்தகத்தைக் கொண்டுவந்தேன். அது மாதம் மாதமாகப் பிரித்து எழுதப்பட்டிருந்தது. அம்மா உருளைக்கிழங்கு சீவ, நான் மேசையிலிருந்து வாசித்துத் தமிழில் சொல்வேன். எனக்கு அப்போது ஏழு வயது. என் தமிழும் ஆங்கிலமும் ஏறக்குறைய ஒரே அளவில் குறையாக இருந்தன. ஒக்ரோபர் பக்கத்தில், களிமண்ணைக் கட்டி கட்டியாகப் புரட்டி அப்படியே விட்டுவிடுங்கள், மிச்ச வேலையைப் பனி பார்த்துக்கொள்ளும் என்று இருந்தது.

“பனி என்ன, எங்கட வீட்டு வேலைக்காரனே?” என்றார் அம்மா. ஆனாலும் புரட்டி விட்டார். பங்குனியில் வெளியே போய்ச் செருப்புக் காலால் ஒரு கட்டியைத் தட்டினார். அது உழுந்து மா போலப் பொலபொலவென்று உதிர்ந்தது. அம்மா இன்னொன்றைத் தட்டினார். பிறகு குனிந்து ஒரு வரிசை முழுவதையும் கையாலேயே உடைத்துப் பார்த்துக்கொண்டு போனார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அந்தப் புத்தகத்துக்கு எதிர்ப்பேச்சு இருக்கவில்லை. நூலகத்தில் கால எல்லை முடியும்போதெல்லாம் திருப்பிக் கொடுத்து, அந்த இடத்திலேயே மறுபடி எடுப்போம்.

இலையுதிர் காலம் வந்தால் எங்களுக்கு வேலை. எங்கள் தெருவில் பெரிய மரங்கள் இருந்தன. விழுந்த இலைகளைக் கறுப்புக் குப்பைப் பைகளில் அடைத்து, ஊசியால் துளைகள் குத்தி, வளவு மூலையில் இருந்த கொட்டிலுக்குப் பின்னால் அடுக்குவோம். ஒரு வருஷம் கழித்துத் திறந்தால் இலை என்று அடையாளம் தெரியாமல் கறுத்து நொறுங்கிக் கிடக்கும். அப்பா வேலையிடத்தில் எல்லோரும் குடித்து எறியும் தேயிலைப் பைகளை மாஜரீன் பெட்டியில் போட்டுக் கொண்டுவருவார். மீன் கழுவிய தண்ணீர் ஒரு சொட்டுக்கூடக் குழாய்க்குள் போனதில்லை. முட்டைக்கோதை அம்மியில் வைத்து அரைப்பது என் வேலை.

குதிரைச் சாணிக்கு மெற்றோபொலிற்றன் ரெயிலில் போகவேண்டும். நகருக்கு வெளிப்பக்கமாகச் சில ஸ்டேஷன்கள் தாண்டினால் குதிரை லாயம் ஒன்று இருந்தது. வேண்டியமட்டும் அள்ளிக்கொண்டு போங்கள் என்று அங்கே பலகை எழுதி வைத்திருந்தார்கள். அம்மா இரண்டு பை, நான் ஒரு பை. திரும்பி வரும்போது எங்கள் பெட்டியில் எப்போதும் நிறைய இருக்கைகள் காலியாக இருந்தன. ஒரே ஒரு முறை அப்பா கூட வந்தார். பெட்டியின் அடுத்த முனையில் நின்று, எங்களைத் தெரியாதவர் போல விளம்பரங்களை வாசித்துக்கொண்டு வந்தார். ஸ்டேஷனில் இறங்கிய பிறகுதான் பையைக் கையில் வாங்கினார்.

மூன்றாவது வருஷம் மண் மாறிவிட்டது. குசினிக்குப் பின்னால், இரண்டு கட்டில் போடக்கூடிய அளவுப் பாத்தி அது. கையை விட்டால் மணிக்கட்டு வரை போகும். எங்கே கிண்டினாலும் மண்புழு. போஞ்சி, கோவா, வெந்தயக்கீரை என்று எது போட்டாலும் எழும்பியது. ஐப்பசி கடைசியில் ஊன்றிய உள்ளிப்பூடு பனியைத் தாங்கிக் கிடந்து ஆடியில் என் கைமுட்டியளவு விளைந்தது. அம்மா வேலை முடிந்து வந்து சப்பாத்தைக் கூடக் கழற்றாமல் பின்கதவைத் திறந்து ஒரு பார்வை பார்ப்பார். பிறகுதான் தேநீர்.

நான்காவது வருஷம் செப்டெம்பர் கடைசியில் வீட்டுக்காரர் வந்தார். மகனுக்குக் கல்யாணம், அவனுக்கு இந்த வீடு வேண்டும், ஒக்ரோபர் முடிய விட்டுவிடவேண்டும் என்றார். எங்களை நடுத்தெருவில் விட அவர் விரும்பவில்லை. ஸ்ட்ரெதமில் தன் சிநேகிதர் ஒருவருடைய வீடு காலியாக இருக்கிறது, எங்களை நல்ல ஆட்கள் என்று அவரிடம் சொல்லி வைத்திருப்பதாகவும் சொன்னார். அப்பா மூன்று தரம் நன்றி சொன்னார். அம்மா தேநீர்க் கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டார்.

அடுத்த நாளிலிருந்து அம்மா வழக்கம்போலப் பாத்தியைத் துப்புரவாக்கினார். போஞ்சிக் கொடிகளை அறுத்தார், தடிகளைப் பிடுங்கினார், கோவாத் தண்டுகளைக் கிளப்பினார். வீட்டைக் கூட்டிக் கொடுப்பதுபோல வளவையும் கூட்டிக் கொடுக்கிறார் என்று நினைத்தேன். பிறகு பார்த்தால், தமிழ்க் கடையிலிருந்து வெறும் அரிசிப் பைகள் வந்து சேரத் தொடங்கின.

“என்னத்துக்கு இவ்வளவு பை?” என்றார் அப்பா.

“மண்ணுக்கு.”

“எந்த மண்ணுக்கு?”

அம்மா பின்கதவைக் காட்டினார்.

“இஞ்சாரும், உமக்கு விசரே? ஆராவது மண்ணைக் கட்டிக்கொண்டு வீடு மாறுவினமோ?”

“அலுமாரியைக் கட்டிக்கொண்டு மாறலாமெண்டால் மண்ணையும் மாறலாம்” என்றார் அம்மா.

நான் பையின் வாயை விரித்துப் பிடிக்க, அம்மா அள்ளிப் போட்டார். கறுத்த மண் முடிந்து மஞ்சள் தெரிந்ததும் நிறுத்தி அடுத்த இடத்துக்குப் போவார். களியில் ஒரு கரண்டிகூட எடுக்கவில்லை. புழுக்களைக் கண்டால் அவற்றையும் பொறுக்கிப் பையில் போடச் சொன்னார். இரண்டு கிழமையாக, அம்மா வேலையிலிருந்து வந்து இருட்டும் முன் கிடைக்கும் ஒரு மணித்தியாலம் இதற்கே போனது. மூட்டைகள் பின்சுவரோரம் அடுக்கடுக்காக வளர்ந்தன.

அந்தச் சனிக்கிழமை தமிழ் வகுப்பில், இந்தக் கிழமை வீட்டில் செய்த வேலையைப் பற்றி ஆளுக்கொரு வசனம் சொல்லுங்கள் என்றார் ரீச்சர். மற்றப் பிள்ளைகள் பாத்திரம் கழுவினேன், பாடம் படித்தேன் என்று சொன்னார்கள். என்னிடம் அதைவிடச் சிறந்த வசனம் இருந்தது. எழுந்து நின்று சொன்னேன்: “நாங்கள் வளவு மண்ணை எல்லாம் வெட்டிச் சாக்கில் கட்டி எடுத்துக்கொண்டு போகிறோம்.”

ஒரு பிழை இல்லை. ரீச்சர் என்னை மறுபடி சொல்லச் சொன்னார். பாராட்டத்தான் என்று நினைத்து இன்னும் தெளிவாகச் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வீட்டுக்காரர் வந்து மணி அடித்தார். கழுத்துப்பட்டி கட்டியிருந்தார். வணக்கம்கூட முழுதாகச் சொல்லாமல் குசினிக்குள்ளால் நடந்து பின்கதவடியில் போய் நின்றார். வெளியே குழியும், சுவரோரம் மூட்டைகளும்.

“என்ன தங்கச்சி இது? குளம் வெட்டுறீரோ?”

அப்பாவுக்கு முகம் வெளிறிவிட்டது. “நான் சொன்னனான் அண்ணை, கேக்கிறா இல்லை. இண்டைக்கே திருப்பிப் போடுவிக்கிறன்.”

“வீட்டைத்தானே வாடகைக்குத் தந்தனான்? நிலத்தை வெட்டிக்கொண்டு போகவோ தந்தனான்?” என்று அவர் அம்மாவைத்தான் பார்த்துக் கேட்டார். “நிலத்தோடை சேர்ந்தது எல்லாம் வீட்டுச் சொந்தக்காரனுக்கு. இந்த நாட்டுச் சட்டம் அப்பிடி. ஸ்ட்ரெதமிலை நான் என்ரை வாயாலை சொல்லியிருக்கிறன், நல்ல ஆக்கள் எண்டு. நாளைக்கு அவன்ரை வளவையும் கிண்டினால் அவன் என்னையல்லோ கேப்பான்? இப்பவே ஒரு ஃபோன் எடுத்துச் சொல்லிப்போடுறதுதான் முறை.”

அப்பா அம்மாவின் பக்கம் திரும்பினார். “கேட்டீரே? வீடில்லாமல் மண்ணை எங்கை வைக்கிறது? மடியிலையோ?”

ரீச்சர் மறுபடி ஏன் சொல்லச் சொன்னார் என்பது அப்போதுதான் விளங்கியது. என்னால் எங்களுக்கு வீடு இல்லாமல் போகப்போகிறது என்று நினைத்துக் கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். குரல் உயரவில்லை.

“அண்ணை, நீங்கள் தந்த மண் அங்கை அப்பிடியே கிடக்கு. மஞ்சளாய்க் கிடக்கு. அதிலை நான் ஒரு கைபிடி தொடயில்லை. இது நான் செய்த மண்.”

“மண்ணை ஆரும் செய்யிறதோ?”

“நான் செய்தனான். மூண்டு வருஷம் செய்தனான். பிள்ளையைக் கேளுங்கோ.”

வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பினார். “சரி, நீ சொல்லு பிள்ளை. இது ஆரின்ரை மண்?”

வீட்டுக்காரர்தான் பெரியவர். அம்மா அம்மா. அப்பா ஸ்ட்ரெதமை நினைத்துக்கொண்டு நின்றார். யார் பெயரைச் சொன்னாலும் ஒருவருக்குக் கோபம் வரும் என்பது மட்டும் எனக்குத் தெரிந்தது. ஆகவே நான், “குதிரையின்ரை” என்றேன்.

வீட்டுக்காரருக்கு மூக்கால் ஒரு சிரிப்பு வந்தது. அதை மறைக்க அவர் கதவைத் திறந்துகொண்டு வெளியே இறங்கிப் போனார். குழியின் ஓரத்தில் நின்று எட்டிப் பார்த்தார். முதல்நாள் நல்ல மழை. உள்ளே நிறம் சரியாகத் தெரியவில்லை போலும். ஒரு காலை இறக்கி வைத்தார்.

களி அந்தக் காலைப் பிடித்துக்கொண்டது. இழுத்தார். கால் வந்தது, சப்பாத்து வரவில்லை. கறுப்புச் சப்பாத்து, மினுக்கி வைத்தது, உள்ளே நின்றுவிட்டது. வெள்ளைக் காலுறையோடு ஒற்றைக் காலில் நின்றவரை அப்பா ஓடிப்போய்த் தோளில் தாங்கிக்கொண்டார். அம்மா முழங்காலிட்டு, கையை விட்டுச் சப்பாத்தைப் பிடுங்கி எடுத்தார். அதில் பாதி அளவுக்கு மஞ்சள் களி ஒட்டியிருந்தது. அம்மா அதைத் தட்டிவிடாமல் அப்படியே அவருக்குக் காட்டினார்.

“இதையோ நான் தந்தனான்?” என்றார் வீட்டுக்காரர்.

“ஓம் அண்ணை. இதைத்தான்.”

அவர் அப்பாவின் தோளைப் பிடித்தபடி, சுவரோரம் இருந்த மூட்டை ஒன்றைத் திறக்கச் சொன்னார். குனிந்து ஒரு பிடி எடுத்து விரலால் நசித்தார். ஒரு புழு தலையை நீட்டிவிட்டு உள்ளே போயிற்று. வெகுநேரம் அதையே பார்த்தார்.

அம்மா சப்பாத்தைக் கழுவித் துடைத்து ஹீற்றரில் வைத்தார். அது காயும்வரை வீட்டுக்காரர் குசினியில் இருந்து இரண்டு கோப்பை தேநீர் குடித்தார். எழும்பும்போது, மகனும் மருமகளும் வரும்போது யன்னலால் பார்த்தால் குழி தெரியக்கூடாது, நிரப்பிக் கொடுக்கவேண்டும் என்றார். அம்மா தலையாட்டினார். வாசல்வரை போனவர் திரும்பி வந்து, சட்டப்படி மண் தன்னுடையதுதான் என்று மறுபடி ஒருமுறை சொன்னார். சொல்லிவிட்டு, “ரீச்சரின்ரை கறிவேப்பிலை சாடியிலை நிண்டு பழுக்குது. ரெண்டு மூட்டை காருக்கை வையும் தம்பி” என்றார்.

அப்பா ஓடிப்போய் வைத்தார்.

அந்தக் கிழமை முழுவதும் நாங்கள் தெருவில் இலை கூட்டினோம். குழி நிறைய இலை போட்டு, மிதித்து, மேலே கொஞ்சம் களி போட்டு மூடி, பழைய கம்பளம் ஒன்றை விரித்துக் கல் வைத்தோம். “ரெண்டு வருஷத்தாலை அவையளுக்கும் நல்ல மண்தான்” என்றார் அம்மா.

அப்பாவின் வேலையிடத்துச் சிநேகிதர் ஒரு நாளைக்குத்தான் வான் தந்தார். இரண்டு தரம் ஓடியும் அலுமாரிக்கு இடம் வரவில்லை. இரண்டாவது ஓட்டத்தில் வானின் பின்பக்கம் தாழ்ந்து, ஒவ்வொரு மேட்டிலும் எதையோ உரசியது. நான் மூட்டைகளின் மேல் படுத்துக்கொண்டு போனேன். லண்டன் முழுவதும் ஈர மண் மணந்தது.

ஸ்ட்ரெதம் வளவில் புல்லும் உடைந்த செங்கல்லும் இருந்தன. வந்த மறுநாளே பாத்தி வெட்டுவோம் என்று நினைத்தேன். அம்மா மூட்டைகளைப் பின்சுவரோரம் வரிசையாக நிறுத்தினார். வாயை அவிழ்த்துச் சுருட்டிவிட்டார். அவற்றுக்குள்ளேயே உள்ளிப்பூடு ஊன்றினார்.

“ஏனம்மா நிலத்திலை கொட்டயில்லை?”

“கொட்டினால் அது இந்த வீட்டுக்காரரின்ரை மண்” என்றார்.

அது எனக்கு விளங்கியது. நானும் அந்தச் சண்டையைக் கண்டவள்தானே. இரண்டு வருஷம் எங்கள் தோட்டம் அரிசிப் பைகளில் இருந்தது. இலையுதிர் காலம் வந்ததும் ஒவ்வொரு பையையும் பழைய படுக்கைவிரிப்பில் கவிழ்த்து, வேர்களைப் பொறுக்கி, புதிதாக மக்கிய இலை கலந்து, மறுபடி நிரப்புவோம். பை கிழிந்தால் வேறு பை. முப்பத்தாறு ஒருபோதும் முப்பத்தைந்து ஆகவில்லை. வீட்டுக்கு வருபவர்கள் இந்த வரிசையைப் பார்த்துவிட்டு, எங்கேயோ புறப்பட நிற்கிற ஆட்கள் மாதிரி இருக்கிறது என்பார்கள். அம்மா சிரிப்பார்.

அந்த நாட்களில் வருஷத்துக்கு ஒருமுறை அப்பா எங்கள் கடதாசிகளை எல்லாம் எடுத்துக்கொண்டு குரோய்டனுக்குப் போவார். அங்கே குடிவரவு அலுவலகத்தின் பெரிய கட்டடத்தில் இன்னும் ஒரு வருஷம் இந்த நாட்டில் இருக்கலாம் என்று எழுதிக் கொடுப்பார்கள். எனக்குப் பன்னிரண்டு வயது நடந்தபோது, ஒக்ரோபரில், ஒரு சனிக்கிழமை காலை, அங்கிருந்து மண்ணிறக் கடித உறை ஒன்று வந்தது. நான்தான் வாசித்துச் சொன்னேன். இனி வருஷக் கணக்கு இல்லை; இங்கேயே நிரந்தரமாக இருக்கலாம்.

அப்பா என்னைத் தூக்கப் பார்த்து, பாரம் தாங்காமல் இறக்கிவிட்டார். பிறகு ஃபோனுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு தெரிந்த ஆட்களையெல்லாம் கூப்பிட்டார். ஹரோ அண்ணைக்குத்தான் முதல் செய்தி.

அம்மா குசினிக் கத்தியை எடுத்துக்கொண்டு பின்னால் போனார். நான் போய்ப் பார்த்தபோது ஒரு பையை மேலிருந்து கீழே கீறித் திறந்திருந்தார். மண் புல்லின்மேல் சரிந்து கிடந்தது. அடுத்த பையைக் கீறினார். நானும் வந்து காலிப் பைகளை இழுத்து எடுத்தேன். ஒன்றிலும் அவர் நிற்கவில்லை, ஒன்றையும் மிச்சம் விடவில்லை. மத்தியானத்துக்குள் முப்பத்தாறு பை மண்ணும் நிலத்தில் கிடந்தது. “இப்ப இந்த வீட்டுக்காரரின்ரை மண்ணாய்ப் போகுமே அம்மா” என்றேன். “போகட்டும்” என்றார். அந்த உற்சாகத்தில் நான் சப்பாத்தோடு அதன்மேல் ஏறிக் குதித்தேன். மண்ணை மிதிக்காதே என்று எப்போதும் சொல்கிறவர் அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை.

பின்னேரம் அவர் மேசையில் இருந்து ஊரில் இருக்கும் சின்னம்மாவுக்குக் கடிதம் எழுதினார். நீல நிற எயார் மெயில் தாள். பக்கத்தில் இருந்த நான் சில வரிகளை வாசித்தேன். எங்களுக்கு இங்கே நிரந்தரமாகிவிட்டது, எனக்குச் சீதனமாகத் தந்த காணியை நீயே உன்னுடைய மகளின் பேருக்கு எழுதிவிடு, அதற்கு நான் என்ன கையெழுத்து வைக்கவேண்டுமென்றாலும் அனுப்பு, கிணற்றடியில் நிற்கும் மாமரத்தை மட்டும் தறிக்கவேண்டாம் என்று எழுதியிருந்தது. காணி, சீதனம் என்ற சொற்கள் எனக்குத் தெரியும்; வகுப்பில் படித்திருந்தேன். எனக்குச் சரியாக நினைவில்லாத இடம், முகம்கூடத் தெரியாத தங்கச்சிக்குப் போகிறது. அதில் கேட்பதற்கு எனக்கு ஒன்றும் இருக்கவில்லை.

விலாசத்தை ஆங்கிலத்தில் நான் எழுதிக் கொடுத்தேன். அம்மா தாளை மடித்து, ஓரத்தை நாக்கால் ஈரமாக்கி ஒட்டி, ஒட்டிய இடத்தைக் கட்டைவிரலால் நெடுநேரம் அழுத்திக்கொண்டிருந்தார். தபால் பெட்டியில் கடைசி எடுப்புக்கு நேரமாகிறது, தாருங்கோ என்று நான் அவசரப்படுத்தினேன். வாங்கிக்கொண்டு, நல்ல செய்தி போகிற கடிதம் என்று, தெரு மூலைவரை ஓடினேன்.